கோப்பை வீட்டின் இரண்டாவது வாசல்

காலை எட்டு மணிக்கே தையல்காரியின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கு மேலே ஒரு கேமரா, அதற்கும் மேலே ஒரு தொப்பி. அவள் மெஷினில் ஒரு சட்டைக்குப் பட்டன் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கையை வீசி விரட்டினாள். மூக்கு அசையவில்லை.

“உள்ள ஆளுங்க குடியிருக்காங்களா என்ன?” என்று வெளியே ஒரு குரல் இன்னொரு குரலைக் கேட்டது.

“இல்ல, பேய் குடியிருக்கு! போய்யா அந்தப் பக்கம்!” என்று கத்தினாள் தையல்காரி.

கத்தியதையும் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் சிரித்தபடி போனார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மீதித் தையலை ஓட்டினாள். மறுநாள் அந்தச் சட்டைக்காரர் நேராக வந்து நின்று, “ஏம்மா, இது எனக்குத் தச்சதா, என் சம்சாரத்துக்குத் தச்சதா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது, பட்டியைப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறாள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும், பெண்கள் சட்டையில் வலப்பக்கம். தையல் பழகிய முதல் வாரத்தில் கற்ற பாடம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. சட்டையைப் பிரிக்க உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் கணவனுடைய கொள்ளுத் தாத்தாதான். அவர் பீங்கான் வியாபாரி. ஒருமுறை கப்பலில் வந்த சரக்கு முழுவதும் நொறுங்கி வந்து சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் கொத்தனாரைக் கூப்பிட்டு, உடைந்த தட்டு, கோப்பை, கிண்ணம் அத்தனையையும் வீட்டு முகப்பில் பதிக்கச் சொல்லிவிட்டார். தரையிலிருந்து கூரைவரை இம்மி இடம் விடாமல் பீங்கான். கோப்பைகளின் காதுகள் நூற்றுக்கணக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உச்சியில் ஆள் உயரத்துக்குச் சுதையில் ஒரு தேநீர்க் கெண்டி. அந்த மனிதருக்கு இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்று ஒரு பித்து. அதனால் கெண்டிக்குக் கைப்பிடி கிடையாது, இரண்டு பக்கமும் மூக்கு. வாசலை வலப்பக்கம் வைத்துவிட்டு, இடப்பக்கம் சும்மா இருந்தால் தூக்கம் வராதே என்று அங்கேயும் அதே மாதிரி நிலை, அதே மாதிரி இரண்டு படி வைத்து, கதவு இருக்கவேண்டிய இடத்தைத் தட்டுகளால் அடைத்து ஒரு பொய்வாசலும் வைத்தார்.

ஊர்க்காரர்கள் அதைக் கோப்பை வீடு என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ‘உலகில் பார்த்தே தீரவேண்டிய ஐம்பது விசித்திரக் கட்டடங்கள்’ என்று ஒரு பட்டியல் போடும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உப்புக்கட்டியால் கட்டிய விடுதி, மலையைக் குடைந்து செய்த ஊர், தலைகீழாக நிற்கும் வீடு, இவற்றோடு முப்பத்தேழாவதாகக் கோப்பை வீடு. அதிலிருந்து உலகம் முழுவதும் அவள் ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க ஆரம்பித்தது. கொடியில் உள்பாவாடை காயப்போட்டாலும் ஒருவன் அதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவான்.

பட்டியலால் பிழைத்தவள் ஒருத்தி உண்டு. அவள் நாத்தனார், கணவனின் அக்கா. புருஷன் செத்த பிறகு தாய்வீட்டுக்கு வந்து இடப்பக்கத்துப் பாதியில் இருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் தையல்காரிக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. ஒரு மழை நாளில் நாத்தனார் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டித் தட்டி, நனைந்து நடுங்கி, அரைமணி நேரம் நின்றாள். கதவு திறந்ததும், “வேணும்னே பண்ணினே!” என்றாள். “மெஷின் சத்தத்துல கேக்கல அண்ணி” என்றாள் தையல்காரி. அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்து பொய்வாசலை உடைத்துத் தனக்கென்று ஒரு நிஜவாசல் வைத்துக்கொண்டாள் நாத்தனார். கூடத்தின் குறுக்கே சுவரும் எழுப்பினாள். பட்டியல் வந்த பிறகு அந்த வாசலிலேயே கடை போட்டு, குட்டிக் குட்டிக் கோப்பைகள் விற்றாள். பட்டியலைப் பிளாஸ்டிக் உறை போட்டு நிலையில் மாட்டியிருந்தாள்.

இப்படி அவரவர் வாசலில் அவரவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் பாரம்பரியக் கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கக்கத்தில் கோப்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தையல்காரி அவருக்கு ஃபைல் சார் என்று பேர் வைத்திருந்தாள். அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஃபைலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார். பிறகு அவள் வாசலைப் பேனாவால் காட்டினார்.

“இந்த வாசல் எப்ப உடைச்சீங்க?”

“எந்த வாசல்?”

“நீங்க நிக்கற வாசல்தாம்மா.”

“வீடு கட்டின அன்னைக்கே இருக்கு சார் இது!”

அவர் ஒரு நகலை நீட்டினார். வீடு கட்டி முடித்த வருடம் எடுத்த படம். கரிப்பிடித்த நகலில் கெண்டி தெரிந்தது, முன்னால் நின்ற மூன்று ஆட்கள் மூன்று கறுப்புத் திட்டாகத் தெரிந்தார்கள். இடப்பக்கம் திறந்த வாசல். வலப்பக்கம் தட்டுகளால் அடைத்த பொய்வாசல்.

“மூல நிலையில இடப்பக்கந்தான் வாசல். வலப்பக்கத்த நீங்க உடைச்சுத் திறந்திருக்கீங்க. முப்பது நாளுக்குள்ள பழையபடி அடைச்சுப் பீங்கான் பதிக்கணும். மறுப்பு இருந்தா ஆபீஸுக்கு விசாரணைக்கு வாங்க” என்றார் ஃபைல் சார்.

தையல்காரி நாத்தனாரின் வாசலைக் கை நீட்டிக் காட்டினாள். “சார், உடைச்சது அந்தப் பக்கம். பதினோரு வருஷம் முன்னாடி. தெருவுக்கே தெரியும்.”

“தெருவைக் கோப்புல வைக்க முடியாதும்மா. போட்டோ என்ன சொல்லுதோ அதுதான்.”

நாத்தனார் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபைல் சார் அவளைத் திரும்பிப் பார்த்தபோது, “நான் என்னங்க சொல்றது, போட்டோலயே இருக்கே” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுக் கோப்பைகளைத் துடைக்கப் போய்விட்டாள். அப்படியே அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வாங்கித் தரையில் போட்டு உடைக்கலாமா என்று வந்தது தையல்காரிக்கு.

வாசல் போனால் வாசல் மட்டும் போகாது. அவள் கணவன் பஸ் ஓட்டியவன். மூன்று வருடத்துக்கு முன்னால் பணிமனைப் பள்ளத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். வாசலின் இரண்டு படிக்கு மேல் பலகையில் சரிவு ஒன்று அடித்து, அதன் வழியாக வாரம் மூன்று நாள் அவனைப் பயிற்சி நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பயிற்சியாளர் எண்ண எண்ண, நாற்பதுவரை நின்றான். இப்போது விட்டால் நின்ற கால் மறுபடி துவண்டுவிடும் என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பின்பக்கம் வழி என்றால் ஒன்பது கல்படி, அதுவும் திருகலாக. அவளால் அவனை அதில் இறக்க முடியாது.

இதையெல்லாம் நினைத்து அவள் கொதித்துக்கொண்டிருக்க, அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தான்.

“அக்காவ விசாரணையில காட்டிக் குடுத்துடாத. அந்தக் கடை இல்லன்னா அவளுக்கு என்ன இருக்கு?”

“உங்களுக்கு என்ன இருக்கு? வாசல் அடைச்சா எப்படி வெளிய போவீங்க?”

“நான் எங்க போகப்போறேன், விடு.”

“நாப்பது எண்ணுற வரைக்கும் நின்னீங்களே, அது எதுக்கு? வீட்டுக்குள்ள நின்னு சுவத்தப் பாக்கவா?”

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். இந்தக் குடும்பத்தில் வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் கத்தரிக்கோலைத் தேடினாள், கண்ணெதிரே இருந்ததே தெரியாமல் பத்து நிமிடம் தேடினாள்.

விசாரணை நாளில் அந்த அலுவலகத்தில் நான்கு மேசைகளில் அவளை அலைக்கழித்தார்கள். முதல் மேசையில் இரண்டாவது மேசையைக் காட்டினார்கள், இரண்டாவதில் நான்காவதை. நான்காவது மேசைக்காரர் அவளை முதல் மேசைக்கே அனுப்பினார். கடைசியில் ஃபைல் சாரின் அறைக்குள் போனபோது நாத்தனார் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதால் அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லை. தையல்காரி உட்கார்ந்து முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.

“வேற ஆதாரம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?” என்றார் ஃபைல் சார்.

“ஆதாரம் எங்க சார் இருக்கு? வாசல்தான் ஆதாரம். நிலையைப் பாருங்க, தேய்ஞ்ச படியைப் பாருங்க.”

“படி ரெண்டு பக்கமும் இருக்கு.”

“சரி, நீங்க வச்சிருக்கற அசல் போட்டோவையாவது காட்டுங்க. நகல்ல ஒண்ணும் தெரியல.”

அவர் அலுத்துக்கொண்டே வெள்ளைக் கையுறை மாட்டி, பீரோவைத் திறந்து, ஒரு பெரிய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கை வைக்காமல் பார்க்கச் சொன்னார். தையல்காரி குனிந்தாள். நகலில் திட்டாகத் தெரிந்த மூன்று பேரும் அசலில் ஆட்களாக நின்றார்கள். நடுவில் கோட்டுப் போட்ட கொள்ளுத் தாத்தா, இரண்டு பக்கமும் சட்டை போட்ட இரண்டு மகன்கள். ஒவ்வொரு பட்டனும் தெளிவாக இருந்தது.

அவள் வாசலைப் பார்க்கத்தான் குனிந்தாள். ஆனால் அவள் கண் அவள் பேச்சைக் கேட்காது, எந்தப் படத்திலும் முதலில் தையலைத்தான் பார்க்கும். மூத்த மகனின் சட்டையில் வலப்பக்கத் துணி மேலே வந்திருந்தது. அடடா, யாரோ இவனுக்கும் என்னைப்போலப் பட்டியை மாற்றி வைத்துவிட்டார்களே என்று ஒரு கணம் பரிதாபப்பட்டாள். பிறகு இளையவனைப் பார்த்தாள். அவனுக்கும் அப்படியே. கொள்ளுத் தாத்தாவின் கோட்டும் அப்படியே. மூன்று பேருக்கும் மார்புப் பை வலப்பக்கம் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் இன்னொன்றும் புரிந்தது. இதைச் சொன்னால் தன் வாசல் பிழைக்கும், பக்கத்து நாற்காலிக்காரியின் வாசல் போகும். அந்தப் பாதிக்கு வேறு வழியே கிடையாது. அந்த நேரம் பார்த்து அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னது பொய். தட்டும் சத்தம் முதல் தட்டிலேயே கேட்டது. அன்று காலை நாத்தனார் ஏதோ குத்தலாகப் பேசியிருந்தாள். நனையட்டும் என்று இவள் ஒரு பாவாடைக்கு முழுச் சுற்று விளிம்பு அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். பதினோரு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட.

அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே நாற்பதுவரை எண்ணிய குரலை நினைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சார், உங்க சட்டையைக் குனிஞ்சு பாருங்க.”

“என்னம்மா?”

“எந்தப் பக்கம் மேல வருது?”

ஃபைல் சார் குழம்பிப்போய்த் தன் மார்பைப் பார்த்தார். “இடப்பக்கம்.”

“பை?”

“இடப்பக்கம்.”

“இப்ப இந்த மூணு பேரையும் பாருங்க.”

அவர் பார்த்தார். “அந்தக் காலத்துல இப்படித் தச்சிருப்பாங்க” என்றார்.

“மூணு பேருக்குமா? கோட்டுக்குமா? எனக்கு இருபத்திரண்டு வருஷமா இதுதான் சார் பொழப்பு. ஒரு சட்டையில மாத்தி வைக்கறது தையல்காரி தப்பு. மூணுலயும் மாறியிருந்தா அது போட்டோக்காரன் தப்பு. இந்தப் படம் இடம் வலம் திரும்பியிருக்கு. வீடு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கறதால யாருக்கும் தெரியல.”

படப்பிரிவிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் கீழே போய், அந்தப் படத்தை அச்சடித்த பழைய கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்துவர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை ஃபைல் சார் தன் சட்டைப் பட்டியையே தடவிக்கொண்டிருந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆமா சார், தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. எல்லாக் கோப்புலயும் இதுதான் போயிருக்கு” என்றார் அவர்.

“அப்ப கட்டடந்தான் சரி” என்றார் ஃபைல் சார், துக்கம் விசாரிக்கும் குரலில். பேனாவைத் திறந்தார். பிறகு மெல்ல நாத்தனார் பக்கம் திரும்பினார். “அப்ப இடப்பக்கத்து வாசல்?”

நாத்தனார் சண்டை போடுவாள், ஒப்பாரி வைப்பாள் என்று தையல்காரி தயாராக இருந்தாள். ஆனால் அவள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

பத்தே நாளில் ஆட்கள் வந்தார்கள். நாத்தனாரின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், அதன்மேல் தட்டுகள் பதித்தார்கள். உள்ளே இருப்பவள் வெளியே வரவேண்டுமே என்று கூடத்துச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி உடைத்தார்கள். அந்த வழி சரியாகத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து திறந்தது. சிமெண்டுத் தூசி ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைத் துணியில் இறங்கியது. அவள் அதை உதறி உதறி அலுத்துப்போனாள். மறுநாள் காலையிலிருந்து நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மெஷினை இடித்துக்கொண்டு, இந்த வாசல் வழியாகப் போய்த் தெருவில் ஒரு முக்காலி போட்டுக் கோப்பை விற்றாள். போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை மட்டும். வார்த்தை கிடையாது.

சனியன் அதோடு விட்டதா என்றால் இல்லை. அடுத்த வாரம் ஃபைல் சாரே நேரில் ஒரு கடிதம் கொண்டுவந்தார். திருத்திய படத்தில் வலப்பக்கத்து வாசல் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அதில் பலகைச் சரிவு இல்லை. ஆகவே அகற்றவும்.

“சார், அது என் வீட்டுக்காரர் போக வர!”

“கழட்டி மாட்டற மாதிரி செஞ்சுக்கங்க. நிரந்தரமா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“கட்டினவர் கால் நல்லா இருந்துச்சு சார்! அதனாலதான் போட்டோல சரிவு இல்ல!”

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கூட வந்த ஆட்கள் சரிவைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். கழற்றி மாட்டும் பலகைக்குத் தச்சர் பத்து நாள் கேட்டார். பயிற்சியோ நாளைக் காலை.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தையல்காரி கணவனை நாற்காலியோடு வாசல்வரை தள்ளிவந்து நின்றாள். கீழே இரண்டே படி. முன்சக்கரத்தை மெல்ல இறக்கிப் பார்த்தாள், நாற்காலி முன்னால் கவிழப் பார்த்தது. பின்னால் இழுத்தாள். திருப்பி வைத்துப் பின்சக்கரம் முதலில் இறங்குமா என்று பார்த்தாள், பாரம் அவள் மேலேயே சாய்ந்தது. மறுபடி உள்ளே தள்ளி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தபோது மூச்சு வாங்கியது. எதிரே ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு, “கொஞ்சம் நகர்றீங்களா? கதவு மறைக்குது” என்றான்.

“இன்னைக்கு விட்டுடேன்” என்றான் கணவன்.

“வாயை மூடுங்க!” என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த தண்ணீர்தான், ஆனாலும் வந்தது.

பின்னால் பெட்டி கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் இருவரையும் ஒதுக்கிக்கொண்டு படியிறங்கி, தெருவில் நின்று, சேலையை இடுப்பில் செருகினாள். நாற்காலியின் கால்பலகைக்குமேல் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“தூக்கு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? பின்னாடி தூக்குனாத்தான் முன்னாடி இறங்கும்.”

பதினோரு வருடத்தில் அவள் இவளிடம் பேசிய முதல் பேச்சு. தையல்காரி தூக்கினாள். நாற்காலி ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது, தெருவில் போய் நின்றது. நடுவில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து இளித்தான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

“இன்னும் கொஞ்சம் நகர்ந்தா...” என்று ஆரம்பித்தான் கேமராக்காரன்.

“போய்யா!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நாத்தனார் கையை உதறிக்கொண்டு பெட்டியை எடுக்கப் படியேறினாள். நிலையில் கை வைத்து நின்றாள்.

“எத்தன மணிக்கு வருவீங்க?”

“பன்னெண்டு ஆகும் அண்ணி.”

“வாங்க. வந்து ஏத்தணும்ல. கதவு திறந்துதான் இருக்கும்” என்றாள் நாத்தனார். “தட்டற சத்தம் எனக்கு நல்லாவே கேக்கும்.”